கஃபாலா முறை

வளைகுடா நாடுகளில் வெளிநாட்டுத் தொழிலாளியின் விசாவையும் தங்கும் அனுமதியையும் ஒரே முதலாளியோடு பிணைக்கும் ஏற்பாடு. அந்த முதலாளி ‘கஃபீல்’ எனப்படுவார். முறையாக விசா பெற்று வந்தவரே சட்டவிரோதமாகத் தங்கியவராக மாறுவது இங்கு மிக எளிது. சம்பளம் தராத வீட்டைவிட்டு வெளியேறிய பணிப்பெண்மீது, ‘ஓடிப்போனவர்’ என்று முதலாளி புகார் கொடுத்தால் போதும். அவருடைய தங்கும் அனுமதியான ‘இகாமா’ செல்லாததாகிவிடலாம், கைதும் நாடுகடத்தலும் தொடரலாம். சவூதியில் இந்தப் புகாருக்கு ‘ஹுரூப்’ என்று பெயர். பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது சட்டப்படி தவறு. ஆனாலும் எத்தனையோ பாஸ்போர்ட்டுகள் முதலாளிகளின் பீரோவில்தான் கிடக்கின்றன. கத்தார் 2020இல், முதலாளியின் தடையில்லாச் சான்று இல்லாமலே வேலை மாற வழிசெய்தது. 2021 மார்ச் முதல் அங்கே குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,000 ரியால், வீட்டுப் பணியாளருக்கும் சேர்த்து. சவூதியின் 2021 சீர்திருத்தத்திலோ, பாதுகாப்பு மிகுதியும் தேவைப்பட்ட வீட்டுப் பணியாளர், வீட்டு ஓட்டுநர், ஆடு மேய்ப்போர் ஆகியோரே விடுபட்டனர்.