தொப்பியும் சப்பாத்தும்



நல்லூர்க் கந்தன் சந்நிதிக்குள் நுழையும் ஆண்மகன் மேற்சட்டையைக் கழற்றுகிறான்; செருப்பை வாசலிலேயே விட்டுவிடுகிறான். பள்ளிவாசலுக்குச் செல்பவர் காலணியைக் கழற்றிவிட்டுத் தலையை மூடிக்கொள்கிறார். தேவாலயத்துள் நுழையும் ஐரோப்பியர் தொப்பியைக் கழற்றுவார், சப்பாத்தைக் கழற்றமாட்டார். மூவரும் தாம் நிற்கும் இடத்துக்கு மரியாதை செய்கின்றனர். ஆனால், அந்த மரியாதையின் மொழி மூவருக்கும் வெவ்வேறு. ஒரு மொழி மட்டுமே அறிந்த ஒருவர் வாசலிற் காவலுக்கு நின்றுவிட்டால் வம்பு பிறக்கிறது.

அப்படியொரு வம்பு 1905ஆம் ஆண்டில் நமது நாட்டின் உயர்நீதிமன்றத்திலேயே நேர்ந்தது. யாழ்ப்பாணத்தவரான எம். சி. அப்துல் காதர், இலங்கை முஸ்லிம்களுள் முதன்முதலில் அப்புக்காத்து ஆனவர். அவர் தலையிலே சிவப்புத் துருக்கித் தொப்பியும் காலிலே சப்பாத்துமாக மன்றில் எழுந்து நின்றார். பிரதம நீதியரசர் சேர் சார்ள்ஸ் லேயார்ட் அதனை ஏற்கவில்லை. தொப்பியையோ சப்பாத்தையோ, இரண்டில் ஒன்றைக் கழற்றவேண்டும் என்றார்.

அந்தக் கட்டளைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. கீழைத்தேயத்தவன் என்றால் தலையை மூடிக்கொள், காலணியைக் கழற்று. ஐரோப்பிய முறைக்கு மாறியவன் என்றால் சப்பாத்தை அணிந்துகொள், தொப்பியைக் கழற்று. இரண்டிலும் பாதி பாதி எடுத்துக்கொள்ள உனக்கு உரிமை இல்லை. ஆள்பவன் வகுத்த இந்தப் பெட்டிகளுள் அடங்காத ஒரு மனிதர் எதிரே வந்து நின்றதுதான் அன்று மன்றத்துக்குச் சங்கடமாயிற்று.

அப்துல் காதர் பணியவில்லை. அவருடைய சமூகமும் பணியவில்லை. 1905 டிசம்பர் 31ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசல் முன்றலில் பெருங்கூட்டம் திரண்டது. சோனகர் சங்கத் தலைவர் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் முன்னின்று உழைத்தார். பம்பாயிலிருந்து மௌலவி ரபியுத்தீன் அஹ்மத் என்ற சட்ட அறிஞரும் அழைத்துவரப்பட்டார். முறையீடுகள் மேலிடத்துக்குச் சென்றன. முடிவில், தொப்பியும் சப்பாத்துமாக மன்றில் தோன்றும் உரிமை முஸ்லிம் சட்டத்தரணிகளுக்குக் கிடைத்தது.

இத்தனை உறுதியோடு காக்கப்பட்ட அந்தத் தொப்பி எவ்வளவு தொன்மையானது? துருக்கிச் சுல்தான் இரண்டாம் மஹ்மூத், 1829இல் தன் உத்தியோகத்தர்கள் தலைப்பாகையை விட்டுத் தொப்பி அணியவேண்டும் எனச் சட்டமிட்டார். அது அன்றைய நவீனம். எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்ற ஒராபி பாஷா, 1883இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டு 1901வரை இங்கே வாழ்ந்தார். அவரைக் கண்ட நம் முஸ்லிம்களின் மனத்தில் அந்தச் சிவப்புத் தொப்பி மானத்தின் சின்னமாகியது. அவருடைய நண்பர் சித்திலெவ்வை 1885இல் வெளியிட்ட 'அசன்பேயுடைய கதை' என்ற நாவலிலும் எகிப்து ஒரு களமாகும். ஈழத்துத் தமிழ் நாவல் இலக்கியத்தின் தொடக்கத்தைத் தேடிச் செல்பவர் அந்த நூலைத் தாண்டிச் செல்ல முடியாது. ஆனால், 1925இல் முஸ்தபா கமால் துருக்கியிலே அதே தொப்பியைத் தடைசெய்து, ஐரோப்பியத் தொப்பியை அணியுமாறு சட்டம் செய்தார். நூறு ஆண்டுகளுக்குள் ஒரே தொப்பி புதுமையாகவும் மரபாகவும் குற்றமாகவும் ஆகிவிட்டது! ஆகவே, ஓர் ஆடை எத்தனை பழையது என்று கேட்பது பயனற்ற கேள்வி. அதைக் கழற்று என்று சொல்லும்போது மனிதனுக்கு எங்கே வலிக்கிறது என்பதே கேட்கவேண்டியது.

அதே 1905இல் ஆனந்த குமாரசுவாமி 'இரவல் இறகுகள்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். நம்மவர் ஐரோப்பிய ஆடைக்கு மயங்குவதைக் கண்டு அவர் வருந்தினார். அவரும் அப்துல் காதரும் வேறு வேறு வழிகளில் நின்றவர்கள். ஒருவர் சுதேச உடைக்குத் திரும்பு என்றார். மற்றவர் தாம் தேர்ந்த தொப்பியையும் சப்பாத்தையும் சேர்த்தே அணிவேன் என்றார். ஆயினும், என் உடலில் எதை அணிவது என்பதை ஆள்பவன் தீர்மானிக்கலாகாது என்பதில் இருவரும் ஒருவரே.

இங்கே நமக்கும் ஒரு கணக்கு உண்டு. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1888இல், சோனகர் இனத்தால் தமிழரே என்று ஒரு கட்டுரையில் வாதிட்டார். அப்துல் அஸீஸ் 1907இல் அதனை மறுத்து நூல் எழுதினார். தொப்பிக்காகப் போராடியவரும், உன் பெயரை நான் சொல்கிறேன் என்ற தமிழ்ப் பெரியவருக்குப் பதில் சொன்னவரும் ஒருவரே என்பதை நாம் மறத்தலாகாது.

நம் வீட்டுக்குள்ளேயே நடந்ததையும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்திலே ஒடுக்கப்பட்ட சாதியினர் தோளிற் சால்வை இடக்கூடாது, அவர்களது பெண்கள் மேற்சட்டை அணியக்கூடாது என்று தடுத்தவர்கள் வெள்ளைக்காரர் அல்லர். லேயார்ட்டின் கட்டளையைக் கேட்டுக் கொதிக்கும் நாம், அந்தக் கட்டளையை நம் ஒழுங்கையிலும் கேட்டிருக்கிறோம். சில வேளை நாமே இட்டும் இருக்கிறோம்.

2014 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்ற நீதியரசர் து. அரிபரந்தாமன், ஒரு நூல் வெளியீட்டுக்காகத் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கக் கழகத்துக்கு வேட்டியுடன் சென்று வாசலிலே தடுக்கப்பட்டார். அடுத்த மாதமே தமிழகச் சட்டசபை, வேட்டி அணிந்தவரைத் தடுப்பது குற்றமென்று சட்டம் இயற்றியது. ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபா அபராதம் எனத் தண்டனையும் வகுத்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது நான் துள்ளினேன். கொழும்பிலே ஒரு விருந்து மண்டபத்தில் வேட்டியோடு போன என்னை, காற்சட்டை இல்லையா என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அந்த அவமானம் அன்றுதான் ஆறியது போலிருந்தது.

நான்கு ஆண்டுகள் சென்றன. 2018இல் திருகோணமலையில் ஓர் இந்து மகளிர் பாடசாலையில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்ததை ஒட்டிச் சர்ச்சை எழுந்தது. மனித உரிமைகள் ஆணைக்குழு பின்னர் அந்த ஆசிரியைகளின் உரிமை மீறப்பட்டதென்றே முடிவு சொன்னது. சேலை நம் பண்பாடு, பாடசாலைக்கென ஒரு மரபு உண்டு என்று வாதிட்டவர்களின் அச்சத்தை நான் அறியாதவன் அல்லன். போரில் எல்லாவற்றையும் இழந்தவர்களுக்கு எஞ்சிய வாசல்களின் மீது பற்று மிகும். ஆனால், அப்துல் காதரின் யாழ்ப்பாணத்திலிருந்து அவருடைய சமூகம் 1990 ஒக்டோபரில் முழுதாக வெளியேற்றப்பட்டதையும் அந்தப் பற்றோடு சேர்த்தே நினைக்கவேண்டும்.

அந்த நாட்களில் நான் படிப்பித்த பாடசாலைக்கும் ஒரு முஸ்லிம் ஆசிரியை நியமனம் பெற்று வரவிருந்தார். ஆசிரியர் அறையில் பேச்சு எழுந்தது. "இங்கே சேலைதான் எண்டு முதலே சொல்லிப்போடவேணும், மாஸ்டர்" என்றார் மூத்த ஆசிரியர் ஒருவர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். 1905ஆம் ஆண்டுக் கதையை வகுப்பிலே உணர்ச்சியோடு சொல்பவன் நான். வேட்டிக்காகக் கொழும்பிலே அவமானப்பட்டவனும் நான். கையிலிருந்த கொப்பிகளைத் திருத்துவதுபோலக் குனிந்துகொண்டேன். சொல்லவேண்டியதை யாரோ சொன்னார்கள். அவர் வேறு பாடசாலையைக் கேட்டுப் பெற்றுக்கொண்டார். அவருடைய முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

நேயர்களே, இடத்துக்கு ஒரு மரியாதை உண்டு. கோயிலில் மேற்சட்டையைக் கழற்ற நான் என்றும் தயங்கமாட்டேன். அங்கே நான் விரும்பிச் செல்கிறேன். நீதிமன்றமும் பாடசாலையும் அப்படியல்ல. அவை எல்லோர்க்கும் உரியவை. அங்கே ஒருவர் பிழைப்புக்கும் நீதிக்குமாக வருகிறார். அந்த வாசல்களிலே நிற்பவர், வருபவரது தலையையும் காலையும் பார்க்குமுன் அவர் எதற்காக வந்தார் என்று பார்க்கவேண்டும். லேயார்ட் அதைப் பார்க்கவில்லை. நானும் அன்று பார்க்கவில்லை.