மெழுகுவர்த்திப் பெட்டியும் நம்மூர்க் கல்லும்

 இன்று ஒரு கல்லின் கதை. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

1802-இல் அமெரிக்காவின் யேல் கல்லூரி பெஞ்சமின் சில்லிமன் என்ற இளைஞரை வேதியியல் பேராசிரியராக்கியது. அவர் படித்திருந்ததோ சட்டம்! வேலை கிடைத்த பிறகுதான் வேதியியல் கற்க பிலடெல்பியா போனார். கல்லூரியில் இருந்த கனிமங்கள் மொத்தமும் ஒரு மெழுகுவர்த்திப் பெட்டியில் அடங்கின. அவற்றுக்குப் பெயர் சொல்ல யேலில் ஆளில்லை. பெட்டியோடு பிலடெல்பியாவுக்கே போய், ஆடம் சீபர்ட் என்பவரிடம் ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டுக்கொண்டார். பேராசிரியர் கேட்கக் கூச்சப்படவில்லை என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

அதே 1802-இல் லண்டனில் பூர்னோன் என்ற பிரெஞ்சுப் பிரபு, கர்நாடகம் என்று அன்று வெள்ளையர் அழைத்த நம் பகுதியிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்த குருந்தக் கற்களை ஆராய்ந்தார். (கொரண்டம் என்ற ஆங்கிலப் பெயரே நம் குருந்தத்திலிருந்து போனதுதான்.) குருந்தத்தோடு நார்நாராக ஒரு கனிமம் ஒட்டியிருந்தது. அதற்கு ஃபைப்ரோலைட் என்று பெயரிட்டார். செனிவிக்ஸ் என்பவர் பகுத்துப் பார்த்துச் சொன்னார்: அலுமினா, சிலிகா.

1824-இல் சில்லிமனின் மாணவர் பவன், கனெக்டிகட்டில் கிடைத்த ஒரு கனிமத்தைப் பகுத்தார். அந்தக் காலத்து முறை எளிது, ஆனால் நாள்கணக்கில் ஆகும். கல்லைப் பொடித்து, காரத்தோடு மூசையில் உருக்கி, அமிலத்தில் கரைத்து, வற்றக் காய்ச்சினால் சிலிகா கரையாமல் நிற்கும். வடிகட்டி, உலர்த்தி, எடை போடுவார்கள். மீதிக் கரைசலில் அம்மோனியா விட்டால் அலுமினா படியும். புதுக் கனிமம் என்று முடிவுசெய்து, ஆசிரியர் பெயரால் சிலிமனைட் என்று பெயர் வைத்தார்.

பின்னாளில் ஒப்பிட்டால் இரண்டும் ஒன்றே! அலுமினா சுமார் 63 சதவீதம், சிலிகா 37. முந்திய பெயர்தானே நிற்க வேண்டும்? நிற்கவில்லை. நார் வகைக்கு மட்டும் ஃபைப்ரோலைட் என்று சொல்லிவிட்டார்கள். மாணவர் வைத்த பெயர் என்பதால் எனக்குக் கோபம் வரமாட்டேன் என்கிறது. ஆனாலும், முதலில் விவரிக்கப்பட்டது நம் மண்ணின் கல் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடக்கூடாது.

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இன்றும் சிலிமனைட் பிரித்தெடுக்கிறார்கள். கடும் சூட்டைத் தாங்கும் உலைச் செங்கல் செய்ய அது போகிறது.