மீன்கொடி

பாண்டிய மன்னர்களின் கொடி. கயற்கொடி என்றும் வழங்கும். சேரரின் வில், சோழரின் புலி ஆகியவற்றோடு மூவேந்தர் சின்னங்களில் ஒன்று. தலைநகர் வைகைக் கரை மதுரை என்றாலும், கயல் சின்னம் கொண்ட இவ்வரசின் செல்வம் தாமிரபரணி முகத்துவாரத்திலிருந்த கொற்கையின் முத்துக்குளிப்பிலும் கடல் வணிகத்திலும் இருந்தது.

கொடித்துணி காலத்தில் மக்கிப்போனது. கல்லும் காசும் அதன் உருவைக் காத்தன. பாண்டியர் காசுகளில் இணைக்கயல் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் சடையவர்மன் வீரபாண்டியன் ஈழத்தின்மேல் படையெடுத்து, கோணமலையில் இச்சின்னத்தைப் பொறித்ததைக் குடுமியான்மலைக் கல்வெட்டு சொல்கிறது. திருகோணமலைக் கோட்டை வாயிலில் இன்றும் இரு மீன்கள் தெரிகின்றன.

இத்தகைய கொடியைக் கையால் தைக்க ஏற்றது ஒட்டுத்தையல். தேரில் தொங்கவிடும் துணித் தொம்பைகளில் காணும் அதே வேலைதான். மாற்று நிறத் துணியில் மீனை வெட்டி, ஓரத்தை உள்ளே மடித்து, கொடித்துணிமேல் நெருக்கமாகத் தைப்பார்கள். செதிலும் கண்ணும் சிறு துண்டுகளாகப் பிறகு ஏறும். கம்பு நுழையும் பக்கத்தைக் குழல்போல் மடித்து இரட்டைத் தையல் போடாவிட்டால் காற்று அங்கே கிழித்துவிடும்.

மதுரையில் இவ்வகைத் தையலுக்குப் பேர்போன இடம், திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய புதுமண்டபம். தூண்களுக்கிடையே உட்கார்ந்து தொம்பை, குடை, சித்திரைத் திருவிழாவில் அழகர் பக்தர்கள் அணியும் உடைகள் ஆகியவற்றைத் தைத்துவந்தவர்களின் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம்பெயர்ந்துள்ளன.