புரூவர்–டாப்சன் சுழற்சி

படுகையடுக்கு எனப்படும் ஸ்டிராட்டோஸ்பியரில், வெப்பமண்டலத்தின் மேல் எழும் காற்று துருவங்களை நோக்கி மெல்ல நகர்ந்து அங்கே கீழிறங்கும் ஓட்டமே புரூவர்–டாப்சன் சுழற்சி. ஓரிடத்தின் ஓசோன் அளவைத் தீர்மானிப்பதில் அது எங்கே உண்டாகிறது என்பதைவிடக் காற்று அதை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பதற்கே பங்கு அதிகம். ஓசோனை ஆக்குவது சூரியனின் புற ஊதாக் கதிர். 1930இல் சிட்னி சாப்மன் வகுத்த வேதியியலும் அதையே சொன்னது. அப்படியானால் நிலநடுக்கோட்டின் மேல்தான் அது மிகுந்திருக்க வேண்டும். ஆனால் ஆக்ஸ்ஃபோர்டின் கார்டன் டாப்சன் 1920களின் இறுதியில் தம் கருவிகளைப் பல நாடுகளுக்கு அனுப்பியபோது (ஒன்று கொடைக்கானலுக்கும் வந்தது) கிடைத்த கணக்கு நேர்மாறு. வெப்பமண்டலத்தில் 260 டாப்சன் அலகை ஒட்டி நிற்கும் ஓசோன், வடதுருவத்தை அடுத்த பகுதிகளில் வசந்தத்தில் 400ஐத் தாண்டுகிறது. தலைக்கு மேலுள்ள ஓசோன் முழுவதையும் தரைமட்ட அழுத்தத்துக்கும் 0 டிகிரிக்கும் கொண்டுவந்தால் 1 மில்லிமீட்டர் படலம் கிடைக்குமானால், அது 100 அலகு.

துருவத்தருகே ஓசோன் மெதுவாக அழிவதால் மிஞ்சுகிறது என்று வாதிடலாம். இருப்பது நீடிப்பதற்கு அது காரணமாகலாம். வெயிலற்ற குளிர்காலத்தில் அளவு ஏறிக்கொண்டே போவதற்கு ஆகாது. வந்து சேர்ந்தால்தான் ஏறும். உறுதியான சான்று ஓசோனிலிருந்து வரவில்லை, நீராவியிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் மேல் விமானத்தில் அளந்தபோது படுகையடுக்குக் காற்று வியப்பூட்டும் அளவுக்கு உலர்ந்திருந்தது. ஈரத்தை அப்படிப் பிழிந்தெடுக்க ஏறத்தாழ மைனஸ் 80 டிகிரி குளிர் வேண்டும். இங்கிலாந்தின் மேல் அந்தக் குளிர் இல்லை. வெப்பமண்டலத்தில் சுமார் 17 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே நுழைந்திருக்க வேண்டும் என்று 1949இல் ஆலன் புரூவர் முடிவுகட்டினார். மலைத்தொடர்களும் நிலம்–கடல் வெப்ப வேறுபாடும் எழுப்பும் பேரலைகள் மேலேறி உடைந்து இந்த ஓட்டத்தை இயக்குகின்றன. மலையும் நிலமும் மிகுந்த வடக்கில் ஓட்டம் வலுவாக இருப்பதும் அதனால்தான்.

அண்டார்க்டிக் ஓசோன் ஓட்டையும் காற்றின் வேலைதானே, குளோரோஃபுளோரோகார்பன்களை ஏன் குற்றம் சொல்ல வேண்டும் என்பது பழகிப்போன ஆட்சேபம். அதில் பாதி உண்மை உண்டு. 1950களின் இறுதியிலேயே அண்டார்க்டிக்காவின் ஹாலி பே நிலையத்தின் வசந்தகால அளவு, வடக்கே ஸ்பிட்ஸ்பெர்கனில் கண்டதைவிட மிகக் குறைவாக இருந்தது; துருவத்தைச் சுற்றி வீசி வெளிக்காற்றைத் தடுக்கும் துருவச் சுழல் உடைந்த நவம்பரில்தான் அது உயர்ந்தது. அது போக்குவரத்தின் தடை. ஆனால் அதே நிலையத்தில் அன்று 300 அலகளவில் இருந்த அக்டோபர் சராசரி, 1980களின் நடுவில் 200க்கும் கீழே போனதே, அது வேறு கதை. கீழிருந்து ஓசோன் குறைந்த காற்று எழுந்து வந்திருந்தால் நைட்ரஸ் ஆக்சைடும் கூடவே மிகுந்திருக்கும். 1987இல் விமானங்கள் அளந்தபோது அது குறைந்தே இருந்தது. ஓசோன் சரிந்த இடத்தில், குளோரோஃபுளோரோகார்பன்களின் குளோரினால் உண்டாகும் குளோரின் மோனாக்சைடுதான் உயர்ந்திருந்தது. காற்றின் வேலையையும் குளோரினின் வேலையையும் குழப்பிக்கொண்டால் ஆண்டுக் கணக்குகளையும் தவறாகவே படிப்போம். 2002 செப்டம்பரில் பேரலைகள் தாக்கித் துருவச் சுழலோடு ஓட்டையும் இரண்டாகப் பிளந்தது. அந்த ஆண்டு ஓட்டை சிறுத்தது காற்றால், குளோரின் குறைந்ததால் அன்று.