ஆற்றங்கரையில் ஓரறை

சிங்கப்பூர் ராபர்ட்சன் கீயில், ஆற்றைப் பார்த்த ஸ்டூடியோ வீடொன்றை இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் வாடகைக்கு எடுத்தேன். ஒரே அறை. கட்டில், சோஃபா, மடக்கு மேசை, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் வீட்டுக்காரருடையவை. சாமான் பட்டியலைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும்போது முகவர் மெல்லக் கேட்டார்: "வீட்டில் சமைப்பீர்களா? மசாலா வாசம் தங்கிவிடும் என்று உரிமையாளர் கவலைப்படுகிறார்." எப்போதாவது முட்டை அவிப்பேன் என்றேன். பொய்தான். சாவி கிடைத்தது.

அன்று மாலை கரையோரம் நடந்தேன். இங்கே ஆற்றைக் கடக்கும் அல்காஃப் பாலம் தொங்கான் படகின் வடிவில் கட்டப்பட்டது. 1819இல் ஆங்கிலேயர் இங்கே வணிகத்தளம் அமைத்த பிறகு, கப்பல்கள் வெளியே நங்கூரமிட, சரக்கைக் கரைக்குக் கொண்டுவந்தவை சிறு படகுகள். தொடக்க காலத்தில் அவற்றை ஓட்டியவர்களில் பெரும்பாலோர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியர்கள், அதாவது தமிழ் முஸ்லிம்கள். பின்னர் அத்தொழில் சீனர் கைக்கு மாறியது. சூலியர் பெயர் ஒரு தெருவில் மட்டும் தங்கிவிட்டது.

என் கட்டடம் நிற்கும் பகுதியில் அன்று சரக்குக் கிடங்குகளும் மர ஆலைகளும் இருந்தன. 1977இல் ஆற்றைச் சுத்தப்படுத்தும் பணி தொடங்கியது. 1983இல் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன. நாற்றம் போன பிறகுதான் இந்தக் கரைக்கு இவ்வளவு வாடகை வந்தது. 2008இல் மரினா தடுப்பணை கட்டியபின் ஆறு நன்னீர்த் தேக்கத்தின் பகுதியாகிவிட்டது.

ஆற்றோடு கீழே போனால், கழிமுகத்துக்கு அருகே மார்க்கெட் ஸ்ட்ரீட். கொண்டுவிற்க வந்த நகரத்தார்களின் கிட்டங்கிகள் அங்கே இருந்தன. நீண்ட கூடம், ஒவ்வொருவருக்கும் தரையில் சில அடி இடம், அதற்கு வாடகை. சாமான் என்றால் கணக்கெழுதும் சாய்வுப் பெட்டி, பேரேடு, இரும்புப் பெட்டி. பகலில் அலுவலகமாக இருந்த கட்டடமே இரவில் படுக்கை. மேலாள்களும் பெட்டியடிப் பையன்களும் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணையில், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள். முகவர் என்னிடம் நவீனம் என்று சொன்ன ஏற்பாடு எனக்குப் பழையதாகத் தெரிந்தது.

ஒப்பீட்டை அதிகம் இழுக்கக் கூடாது. அவர்கள் கடன் கொடுத்தவர்கள். வாங்கியவர்களின் கதை வேறு. துறையில் மூட்டை சுமந்தவர்களுக்கு அந்தச் சில அடி இடமும் உறுதியில்லை. ஆனால் கிட்டங்கியில் ஒன்று இருந்தது: பொதுச் சமையல். வேலை முடிந்தால் ஊர்ச் சாப்பாடு. தாளிக்கும் வாசத்துக்கு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

வீட்டிலிருந்து சிறிது தூரம் நடந்தால் டேங்க் ரோடு. நகரத்தார்கள் 1859இல் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயில் அங்கேயே இருக்கிறது. கட்டடம் புதிது, இடம் பழையது. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையிலிருந்து புறப்படும் காவடிகள் வந்துசேர்வது அங்குதான். இந்தக் கரைக்கு நான் புதியவன். என் மொழி புதியதல்ல. அப்படியிருக்க ஒரு பிடி கடுகுக்காக ஏன் பொய் சொன்னேன்? வீடு கிடைக்காமல் போய்விடும் என்ற பயம். முன்பு இரண்டு இடங்களில் என் பெயரைக் கேட்டதுமே, வீடு போய்விட்டது என்றார்கள்.

ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிக்கும்போது அதே கேள்வி வரும். சமைப்பேன், தினமும் தாளிப்பேன் என்று சொல்லப்போகிறேன். பிறகு அவர்கள் முடிவு.