அட்மிரல் போட்ட கணக்கு

எங்கள் எதிர் வீட்டு மாமா ஒரு கம்பெனியில் கணக்கு எழுதியவர். கிண்டியில் ரேஸ் என்றால், முந்தின ராத்திரி அவர் வீட்டுத் திண்ணை விளக்கு பன்னிரண்டு மணி வரை எரியும். மடியில் ரேஸ் புத்தகம், காதில் பென்சில். “இதைச் சீட்டாட்டம்னு நினைச்சுக்காதே... இது படிப்பு!” என்பார் என்னிடம். உள்ளேயிருந்து மாமி பாத்திரத்தைக் கொஞ்சம் ஓங்கி வைக்கிற சத்தம் கேட்கும்.

மாமா சொன்னது சரியா, மாமியின் பாத்திரம் சொன்னது சரியா? சிரிக்காதீர்கள். இதே சண்டை டெல்லி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், தீர்ப்பு வர இருபது வருஷம் ஆனது!

1974-ல் கருணாநிதி அரசு சட்டத்தைத் திருத்தி, குதிரைமேல் பணம் கட்டுவதும் சூதாட்டம்தான் என்று சொன்னது. எத்தனையோ குடும்பங்களின் தாலிக்கொடி கிண்டியில் கரைந்திருந்த காலம். அதனால் பொதுமக்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், அந்தச் சட்டத்துக்கு ஆதரவு இருந்ததில் ஆச்சரியமில்லை. மெட்ராஸ் ரேஸ் கிளப் கோர்ட்டுக்குப் போனது. தடை உத்தரவின் தயவில் குதிரைகள் ஓடிக்கொண்டே இருந்தன. 1986-ல் எம்.ஜி.ஆர். அரசு இன்னும் ஒரு படி மேலே போய், கிளப்பையே கையகப்படுத்த ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதுவும் கோர்ட்டுக்குப் போனது.

கடைசியில் 1996 ஜனவரி 12. மூன்று நீதிபதிகள் கொண்ட பெஞ்ச். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி குல்தீப் சிங். சாராம்சம் இதுதான்: குதிரை ஜெயிப்பது அதிர்ஷ்டத்தால் அல்ல, அதன் வம்சம், பயிற்சி, வேகம், ஜாக்கியின் சாமர்த்தியம் எல்லாம் சேர்ந்துதான் முடிவு பண்ணுகிறது. பணம் கட்டுகிறவரும் இதையெல்லாம் எடைபோட்டுத்தான் கட்டுகிறார். ஆகவே இதில் திறமைக்கே முதலிடம், இது சூதாட்டமல்ல. 1986 சட்டமும் செல்லாது என்றாகிவிட்டது. (அன்று தப்பித்த கிண்டி மைதானத்துக்கு 2024 செப்டம்பரில் தமிழக அரசு சீல் வைத்தது. அதற்குக் காரணம் சூதாட்டமல்ல, குத்தகை! 160 ஏக்கருக்கு வருஷ வாடகை 614 ரூபாய் சொச்சம் என்று போட்ட பழைய ஒப்பந்தம். அது வேறு கதை.)

தீர்ப்பு வந்த மறுநாள் மாமா அந்தச் செய்தியைக் கத்தரித்து ரேஸ் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். பாத்திரச் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

சரி, அந்தத் ‘திறமை’ என்னதான்? ரேஸ் புத்தகத்தை ஒரு தடவையாவது புரட்டிப் பாருங்கள். ஒவ்வொரு குதிரையின் பெயர் பக்கத்திலும் வரிசையாக எண்கள் இருக்கும். முந்தைய ரேஸ்களில் எத்தனையாவதாக வந்தது என்பதன் ஜாதகம் அது. இதைத்தான் ‘ஃபார்ம்’ என்கிறார்கள். ‘மூன்றாவதாக வந்தது’ என்பதை மட்டும் பார்ப்பவன் கற்றுக்குட்டி. எந்தத் தூரத்தில் மூன்றாவது? ஈரத் தரையிலா, காய்ந்த தரையிலா? முதுகில் எத்தனை கிலோ? வழியில்லாமல் மாட்டிக்கொண்டு மூன்றாவதா, அல்லது முழு மூச்சாக ஓடியும் மூன்றாவதா? இந்த வாரம் விடியற்காலைப் பயிற்சியில் எத்தனை செகண்டில் ஓடியது? மாமா இத்தனையும் பார்ப்பார். ஐ.ஏ.எஸ். பரீட்சைக்குப் படிப்பவர்கள்கூட அப்படிப் படிப்பார்களா என்பது சந்தேகம்!

ஆனால் மாமாவுக்கு ஓர் எதிரி இருந்தார். மாமா ராத்திரி உட்கார்ந்து படிக்கிற அதே புள்ளிவிவரங்களை அவருக்கு முன்பே படித்துவிட்டு, நல்ல குதிரையின் முதுகில் ஈயக்கட்டியை ஏற்றிவிடுகிற ஆசாமி. ‘ஹேண்டிகேப்பர்’ என்று பெயர். எந்தக் குதிரை எவ்வளவு எடை சுமக்கவேண்டும் என்று நிர்ணயிக்கிற அதிகாரி அவர். நன்றாக ஓடிய குதிரைக்கு அடுத்த முறை எடை கூடும். சொதப்பிய குதிரைக்குக் குறையும். அவருடைய லட்சியமே, எல்லாக் குதிரைகளும் ஒரே கோட்டில் வந்து முடியவேண்டும் என்பதுதான். அதாவது, உங்கள் படிப்பு வேலை செய்யக்கூடாது என்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவர்!

இந்தக் கலைக்கு ஒழுங்கான கணக்கு போட்டுக்கொடுத்தவர் ஒரு கடற்படைக்காரர் என்றால் நம்புவீர்களா? ஹென்றி ஜான் ரூஸ். இங்கிலாந்துக்காரர். 1835-ல் இவர் கேப்டனாக இருந்த ‘பிக்’ என்ற கப்பல் கனடாவின் லாப்ரடார் கரையில் பாறையில் மோதி, சுக்கான் போய், உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது. மனுஷன் அசரவில்லை. சுக்கானே இல்லாமல் அட்லாண்டிக் கடலில் சுமார் 1,500 மைல் ஓட்டிக்கொண்டுவந்து ஊர் சேர்த்தார். கப்பலை விட்ட பிறகு குதிரையைப் பிடித்தார். நியூமார்க்கெட் மைதானத்தில் பெரிய டெலஸ்கோப்பை வைத்துக்கொண்டு, எந்த ஜாக்கி நிஜமாக ஓட்டுகிறான், எவன் கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கிறான் என்று பார்த்துக் குறித்துக்கொள்வார்.

ரூஸின் புகழைப் பரப்பியது ஒரே ஒரு ரேஸ். 1849 டெர்பி ஜெயித்த குதிரை ஃப்ளையிங் டச்மேன், தோல்வியே தெரியாதது. 1850 டெர்பி ஜெயித்தது வோல்டிஜர். 1850-ல் டான்காஸ்டர் கோப்பையில் இரண்டும் மோதின. வோல்டிஜர் அதே வாரத்தில்தான் ஒரு பெரிய ரேஸில் சமமாக முடித்து, மறுபடி ஓடி ஜெயித்திருந்தது. களைத்துப்போன குதிரை! ஃபார்ம் படித்தவர்கள் எல்லாம் டச்மேன் மேல் கொட்டினார்கள். அரை நீள வித்தியாசத்தில் ஜெயித்தது வோல்டிஜர்! டச்மேனின் ஜாக்கி சார்லி மார்லோ தண்ணி போட்டுவிட்டு ஏறினான் என்று ஒரு பேச்சு உண்டு. பாருங்கள், இந்தத் தகவல் எந்த ரேஸ் புத்தகத்திலாவது அச்சாகியிருக்குமா?

விடுவார்களா? மறு போட்டி. 1851 மே 13, யார்க் நகரம். இரண்டே குதிரைகள், இரண்டு மைல் தூரம். கூட்டம் ஒரு லட்சத்துக்கு மேல் என்று அன்றைய மதிப்பீடு. எடை போட ரூஸைக் கூப்பிட்டார்கள். அவர் உட்கார்ந்து கணக்கு போட்டு, ஒரு வயது மூத்த டச்மேன் எட்டரைப் பவுண்ட் கூடுதலாகச் சுமக்கட்டும் என்றார். நம் கணக்கில் நாலு கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. முன்னால் ஓடிய வோல்டிஜரைக் கடைசியில் எட்டிப் பிடித்து, ஒரே ஒரு குதிரை நீளத்தில் ஜெயித்தது டச்மேன். இரண்டு மைல் ஓடி வித்தியாசம் எட்டு அடி! ரூஸ் கிட்டத்தட்ட சமமாக்கிக் காட்டிவிட்டார். 1855-ல் அவரை அதிகாரபூர்வ ஹேண்டிகேப்பராகவே நியமித்துவிட்டார்கள். வயசுக்கு எவ்வளவு எடை என்று அவர் போட்ட பட்டியலின் திருத்திய வடிவங்கள்தான் பின்னால் உலகமெங்கும் பரவின. கிண்டியில் ஒரு மார்க்குக்கு அரைக் கிலோ என்று எடை ஏற்றினார்களே, அதன் மூதாதை இதுதான்.

இதில் ஒரு வேடிக்கை. இத்தனை நுணுக்கமாகக் கணக்கு போட்ட ரூஸ், ஹேண்டிகேப் ரேஸைப் பற்றிச் சொந்தமாக என்ன நினைத்தார் தெரியுமா? மட்டமான குதிரையை நல்ல குதிரைக்குச் சமமாக்குகிற வேலை, ஒருவகை லாட்டரி என்றே எழுதிவைத்தார். குல்தீப் சிங் ‘திறமை’ என்றார். சுமார் ஒன்றேகால் நூற்றாண்டுக்கு முன்னாலேயே எடை போட்ட கைக்காரர் ‘லாட்டரி’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்!

யார் சொன்னது சரி? என்னைக் கேட்டால் இரண்டு பேருமே சரி. குழப்பம் வேறு இடத்தில் இருக்கிறது.

1860-களில் பாரிஸில் ஜோசப் ஓலர் என்பவர் ஒரு முறை கண்டுபிடித்தார் (பிற்பாடு ‘மூலான் ரூஜ்’ நடன அரங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் இவர்தான், உருப்படியாக எதையுமே செய்யமாட்டார் போல!). எல்லோரும் கட்டுகிற பணத்தை ஒரே குடத்தில் போட்டு, வரியும் கமிஷனும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஜெயித்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது. நம் ஊர் ‘டோட்’ கவுண்டர் அதன் பேரப்பிள்ளை. இதில் நீங்கள் குதிரையோடு மோதவில்லை; பக்கத்தில் நிற்கிற ஆயிரம் மாமாக்களோடு மோதுகிறீர்கள். அவர்கள் கையிலும் அதே புத்தகம், அதே பென்சில்! நல்ல குதிரை எது என்று உங்களுக்குத் தெரிந்தால் அவர்களுக்கும் தெரியும். எல்லோரும் அதன் மேலேயே கட்ட, ஜெயித்தாலும் பத்து ரூபாய்க்குப் பன்னிரண்டுதான் திரும்பி வரும். கூட்டத்தின் அபிமானக் குதிரை, அதாவது ஃபேவரிட், ஏறக்குறைய மூன்று ரேஸில் ஒன்றை ஜெயிக்கிறது. கூட்டத்துக்கு நிஜமாகவே படிப்பு இருக்கிறது. கமிஷன் போனபின் லாபம்தான் இல்லை.

கூட்டத்தை ஜெயிக்கவே முடியாதா? ஜெயித்தார் ஒருவர். பில் பென்டர் என்ற அமெரிக்கர். சீட்டுகளை நினைவில் வைத்துக் கணக்கு போட்டதற்காக லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிகள் விரட்டிவிட, 80-களில் ஆலன் வுட்ஸ் என்ற ஆஸ்திரேலியருடன் ஹாங்காங் போனார். ஃபார்ம் முழுவதையும் கம்ப்யூட்டரில் ஏற்றினார். முதலில் செம நஷ்டம்! பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. தன் கணக்கோடு, கூட்டம் எந்தக் குதிரைமேல் எவ்வளவு கட்டியிருக்கிறது என்பதையும் சேர்த்தார். கூட்டம் எங்கே தப்பு பண்ணுகிறதோ, அங்கே மட்டும் கட்டினார். கோடி கோடியாகக் கொட்டியது. முறையை ஒளிக்காமல் 1994-ல் ஆராய்ச்சிக் கட்டுரையாகவே வெளியிட்டார்.

2001 நவம்பரில் ஹாங்காங்கில் ஒரு ஜாக்பாட். மூன்று ரேஸிலும் முதல் மூன்று குதிரைகளைச் சொல்லவேண்டும். பென்டர் அதை அடித்தார். ஒன்றரைக் கோடி அமெரிக்க டாலருக்கு மேல். அந்த ஒரு சரியான சீட்டுக்காக அவர் வாங்கிய சேர்க்கைகள் 51,000-க்கும் மேலே!

எதிர் வீட்டு மாமா ராத்திரி முழுக்கப் படித்துவிட்டு வாங்குவது ஒரே சீட்டு. ஜெயித்த கணக்கை அவர் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். தோற்ற கணக்கு மாமியிடம் இருந்தது.