விளக்கெண்ணெயில் நின்ற கார்கள்

பந்தல்குடியில் ஒரு பழைய அம்பாசிடரின் பிரேக் கெட்டிருந்தால் அது தெரியவர நாளாகும். கரிசல் காடு தட்டையானது. மதுரை தூத்துக்குடி நெடுஞ்சாலையில் ஏறினால் கண்ணுக்கு எட்டிய தூரம் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. அருப்புக்கோட்டைக்குப் போய்த் திரும்பும் வண்டி பிரேக்கிடம் பெரிதாக எதையும் கேட்பதில்லை. ஊர் எல்லையில் ஒரு தடவை, ஆடு குறுக்கே வந்தால் ஒரு தடவை. மிச்சத்தை ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தே சமாளித்துவிடலாம். "பிரேக் நல்லாத்தான் இருக்கு" என்று வீட்டில் சொல்வார்கள். கோடை லீவில் அதே வண்டி கொடைக்கானலுக்குக் கிளம்பும்.

ஒரு சின்னக் கணக்கு. ஆட்கள், பெட்டிகள் எல்லாம் சேர்த்து வண்டி ஒன்றரை டன். கொடைக்கானலில் இருந்து மலையடிவாரம் வரை இறக்கம் ஏறத்தாழ 1,800 மீட்டர். அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் சுமார் 26 மெகாஜூல், வீட்டு மீட்டர் பாஷையில் 7 யூனிட் கரண்ட். 2 கிலோவாட் ஹீட்டரை மூன்றரை மணி நேரம் விடாமல் எரியவிட்டால் வரும் சூடு அது. எஞ்சின் வாங்கிக்கொள்வதும் காற்று தின்பதும் போக, பாக்கி முழுக்க நாலு இரும்பு டிரம்முக்குள்தான் இறங்க வேண்டும். டிரம்மில் இருந்து ஷூவுக்கும், அங்கிருந்து வீல் சிலிண்டருக்கும், அதற்குள் நிற்கும் பிரேக் ஆயிலுக்கும் சூடு போகும். அந்த ஆயிலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது நம்ம ஊர் வேலியோரத்தையும் தொட்டுப் போகிறது.

அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பரவும் என்று பாஸ்கல் சொன்னது 17-ஆம் நூற்றாண்டில். அதைக் காரின் நாலு சக்கரத்துக்கும் கொண்டுபோனவர் மால்கம் லாக்ஹீட். விமானக் கம்பெனியின் பெயரில் இருக்கும் லாக்ஹீட் இவருடைய தம்பி ஆலன். 1921-ல் அமெரிக்காவின் டூசன்பர்க் கார் நாலு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக்கோடு வந்தது. 1924-ல் கிரைஸ்லர் அதை எடுத்துக்கொண்டது. சிலிண்டருக்குள் ஆயிலைத் தடுத்து நிறுத்த முதலில் போட்டது தோல். அது ஒழுகியதால் கிரைஸ்லர் ஆட்கள் ரப்பருக்கு மாறினார்கள். அப்போது இருந்தது மரத்தில் வடித்த இயற்கை ரப்பர்தான்.

இயற்கை ரப்பரும் பெட்ரோலிய எண்ணெயும் ஒத்துப்போகாது. மண்ணெண்ணெயில் ஒரு ரப்பர் பேண்டைப் போட்டு மறுநாள் பாருங்கள், ஊறிப் பெருத்துக் கிடக்கும். ஆகவே ரப்பரைக் கெடுக்காத, வழுவழுப்பான, குளிரில் உறையாத ஒரு திரவம் தேவைப்பட்டது. கிடைத்த விடை, ஆல்கஹால் கலந்த விளக்கெண்ணெய். பல பத்தாண்டுகள் உலகத்தின் கார்களை நிறுத்தியதில் ஆமணக்குக் கொட்டைக்குப் பெரிய பங்கு உண்டு. காஸ்ட்ரால் என்ற பெயரே காஸ்டர் ஆயிலில் இருந்து வந்ததுதான். அது எஞ்சின் ஆயில் கதை, வேறு. கரிசல்காரனுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. பருத்திக் காட்டு ஓரத்தில் நின்ற செடி, அதன் எண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து மாட்டுவண்டி அச்சுக்கு மை போட்டவன் அவன். அச்சு சுற்றுவதற்குப் போட்ட எண்ணெயை வெள்ளைக்காரன் சக்கரத்தை நிறுத்தப் போட்டான்.

விளக்கெண்ணெயின் இடத்தைப் பிறகு கிளைகால் வகைத் திரவங்கள் பிடித்தன. இன்று கடையில் டாட் 3, டாட் 4 என்று கிடைப்பவை இவைதான். இவையும் ரப்பரைக் கெடுப்பதில்லை. ஆனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். கரிசலில் ஏது ஈரம் என்று கேட்கலாம். ஐப்பசி மழை போதும். ஆயில் டப்பா மூடியின் காற்றுத் துளை வழியாகவும், ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவும் வருஷக்கணக்கில் ஈரம் இறங்கும். புது டாட் 3 ஆயில் குறைந்தபட்சம் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தபின் அந்த வரம்பு 140 டிகிரி. கொதித்தால் ஆவிக்குமிழி வரும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். காலின் பலமெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துபோக, பெடல் தரை வரை போகும். பந்தல்குடியில் பத்து வருஷம் ஓடினாலும் தெரியாத குறை கொண்டை ஊசி வளைவில் தெரியும்.

இத்தனை வயதான வண்டியை இன்னும் வீட்டில் வைத்துச் சரிபார்க்க முடிகிறதே, அதற்குக் காரணம் கொள்கை. 1953-ல் டாரிஃப் கமிஷன் அறிக்கையை ஒட்டி அரசு ஒரு முடிவெடுத்தது: உதிரிகளைக் கொண்டுவந்து பூட்டி மட்டும் விற்கும் கம்பெனிகளுக்கு இங்கே இடமில்லை, படிப்படியாக இங்கேயே தயாரிக்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கிளம்பிப் போயின. 1957-ல் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் அம்பாசிடராக உத்தரபாராவில் பிறந்தது. உதிரிகள் செய்ய ஆள் வேண்டுமே. 1962-ல் டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸும் சேர்ந்து சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கின. கிர்லிங் என்ற பெயர் நம்ம மெக்கானிக்குகளின் வாயில் ஏறியது அப்படித்தான். 1964-ல் ரானே பிரேக் லைனிங், 1974-ல் சுந்தரம் பிரேக் லைனிங். அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றுவிட்டது. வாஷர் கிட் இன்னும் கிடைக்கிறது. மூடிய சந்தையைத் திட்ட ஆயிரம் காரணம் உண்டு, நானும் திட்டுவேன். ஆனாலும் இந்தக் கணக்கையும் எழுதிவைக்க வேண்டும்.

சரி, வண்டி வீட்டு வாசலில் நிற்கிறது. முதலில் செலவில்லாத சோதனை. கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, டப்பாவில் இருக்கும் பிரேக் ஆயிலில் சில சொட்டு விடுங்கள். கிளைகால் என்றால் கரைந்துவிடும். எண்ணெய் மேலே மிதந்தால் யாரோ எஞ்சின் ஆயிலோ கியர் ஆயிலோ ஊற்றியிருக்கிறார்கள். ரப்பர்கள் ஊறத் தொடங்கியிருக்கும், உள்ளே இருக்கிற அத்தனை வாஷரும் ஹோஸும் மாற்றியாக வேண்டும். ஊறிய வாஷர் செய்யும் வேலை விசித்திரமானது. மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் டப்பாவுக்குத் திரும்ப ஊசிமுனை அளவு ஒரு துளை உண்டு. பெருத்த வாஷர் அதை மூடிவிடும். போன ஆயில் திரும்பாது. நாலு கிலோமீட்டர் ஓடியதும் சக்கரங்கள் தானாகப் பிடித்துக்கொள்ளும். "ஜாம் ஆயிருச்சு" என்று ஷூவைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். கோளாறு சக்கரத்தில் இல்லை.

அடுத்து பெடல். ஓங்கி மிதித்து ஒரு நிமிஷம் அப்படியே பிடியுங்கள். வெளியே எங்கும் ஒழுகாமல் கால் மெல்லக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் வாஷர் உள்ளுக்குள்ளேயே ஆயிலை விடுகிறது. காற்றுக் குறைந்த ஃபுட்பாலை மிதிப்பது மாதிரி இருந்தால் ஏர். மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்பத் தூரத்தில் இருக்கும் சக்கரத்தில் தொடங்கி ஏர் எடுக்க வேண்டும். ஒருவர் மிதிக்க, ஒருவர் நிப்பிளைத் திறந்து மூட. முதல் மிதியில் தாழ்ந்து, ரெண்டு பம்ப் அடித்ததும் உயரே வந்து கெட்டியாக நின்றால் பெரும்பாலும் ஷூ தேய்ந்து இடைவெளி கூடியிருக்கும். அட்ஜஸ்டரைத் திருகினால் தீரும். வண்டி இடப்பக்கம் இழுத்தால் எல்லோரும் இடது சக்கரத்தைக் கழற்றுவார்கள். இடது நன்றாகப் பிடிப்பதால்தான் இழுக்கிறது. பார்க்க வேண்டியது வலதை. டயரின் உள்பக்கம் ஈரமாக இருக்கிறதா? அதில் கொஞ்சம் தண்ணீர் விட்டுத் துடைத்துப் பாருங்கள். கழுவிக்கொண்டு வந்தால் பிரேக் ஆயில், வீல் சிலிண்டர் ஒழுகுகிறது. வழுக்கிக்கொண்டு நின்றால் கிரீஸோ, பின்சக்கரமானால் ஆக்ஸில் சீல் விட்ட கியர் ஆயிலோ.

டிரம்மைக் கழற்றும்போது உள்ளே கறுப்புத் தூள் இருக்கும். வாயால் ஊதாதீர்கள், ஏர் கம்ப்ரஸரால் அடிக்கவும் வேண்டாம். இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் இறக்கத்தில் வண்டிக்காரர்கள் மரக்கட்டை பிரேக்கில் பழைய பூட்ஸ் தோலை ஆணியடித்து ஓட்டுவதைப் பார்த்துத்தான் பிரேக் லைனிங் தொழிலை 1897-ல் தொடங்கினார். ஃபெரோடோ கம்பெனி அது. தோல், துணி என்று போய், சூடு தாங்கும் ஆஸ்பெஸ்டாஸில் வந்து நின்றது உலகம். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் தரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவில் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸுக்கு இன்னும் முழுத்தடை இல்லை. பழைய ஷூவில் எது இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட வேண்டும். டிரம்மைத் தரையில் தட்டித் தட்டித் தூசி உதிர்க்கும் பையன்களுக்கு ஒர்க்‌ஷாப்பில் யாரும் இதைச் சொல்வதில்லை.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் ஒன்று பாக்கி. பழைய அம்பாசிடர்களில் நாலு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் வழி. பாஸ்கல் கொடுத்த வரமே இங்கே சாபம்: ஒரு ஹோஸ் வெடித்தால் நாலிலும் அழுத்தம் போய்விடும். என் தொழிலில் இதை சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர் என்போம், அப்படி ஒரு டிசைனை ரிவ்யூவில் யாரும் பாஸ் பண்ண மாட்டார்கள். அமெரிக்கா 1968-லேயே கார்களுக்கு இரட்டை வழியைச் சட்டமாக்கியது. நம்மிடம் இருக்கும் பழைய வண்டியில் ஆயிலைச் சாராத ஒரே பிரேக் ஹேண்ட்பிரேக். அது கம்பியில் இழுத்துப் பின்சக்கரங்களை மட்டும் பிடிக்கும். மெக்கானிக்கிடம் விட்டால்கூட அதைக் கடைசியாகத்தான் பார்ப்பார், பாதி நேரம் பார்க்கவே மாட்டார். காலி இடத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை முழுக்க இழுத்து, ரெண்டாவது கியரில் கிளட்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் திணறி நிற்க வேண்டும். வண்டி நகர்ந்தால், புது பிரேக் ஆயிலே ஊற்றியிருந்தாலும், கொடைக்கானலுக்கு பஸ்ஸில் போங்கள்.